வார்டில் சமுதாயக் கூடம் கட்டுகிறீர்களா? முதலில் காற்றுக்குக் கணக்குப் போடுங்கள்

2021 மே மாதம் எங்கள் பகுதியில் ஒரு சமுதாயக் கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். உள்ளே நூறு பேர் இருக்கும். ஏசி போடுவதற்காக ஜன்னல்களைப் பலகை அடித்து மூடி வைத்திருந்தார்கள், அன்றைக்கு ஏசியும் ஓடவில்லை. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த நர்ஸ் அக்கா, மேசையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார், மிச்ச முகாம் முழுக்க அங்கேதான் நடந்தது. பொதுக் கட்டடத்துக்கு யார் பிளான் கொண்டுவந்தாலும் எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வருகிறது. நிழல் இருந்தது, காற்று இருந்தது, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார முடிந்தது, கரண்டும் கேட்கவில்லை. நோய்க் காலத்தில் மனிதர்களைக் காப்பாற்றும் கட்டடமும் கார்பனைக் குறைக்கும் கட்டடமும் வேறு வேறு இல்லை என்று நான் நம்புவது அதனால்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? புதிதாகக் கட்டத்தான் வேண்டுமா என்ற கேள்வியில். உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரி மட்டும் காரணமில்லை, சுண்ணாம்புக்கல் சூடாகி உடையும்போது அந்தக் கல்லுக்குள் இருக்கும் வாயுவே வெளியேறுகிறது, பாதிக்கு மேல் அந்த வகைதான். அதனால் நிற்கிற கட்டடத்தை இடிப்பது என்பது ஏற்கெனவே செலவான கார்பனைக் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி செலவழிப்பது. வார்டில் பூட்டிக் கிடக்கும் பழைய பள்ளிக் கட்டடமோ நெசவாளர் சங்கக் கட்டடமோ இருந்தால் முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தூணில் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் வெடித்திருந்தாலும் பல இடங்களில் சரிசெய்ய முடியும். தூணும் பீமும் போட்டுக் கட்டியதாக இருந்தால் இடையில் உள்ள சுவரை வெட்டி ஜன்னலைப் பெரிதாக்குவது சுலபம். சுவரே பாரம் தாங்கும் பழைய கட்டடத்தில் லிண்டல், அதாவது திறப்புக்கு மேல் பாரம் தாங்கும் குறுக்குக் கட்டை, போடாமல் ஒரு செங்கல்லைக்கூட உருவக் கூடாது.

புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்றால் அடுத்தது திசை. சேலத்து வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனிப்பவர்கள் குறைவு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.6 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து விழும், டிசம்பரில் தெற்குப் பக்கம் நன்றாகச் சாயும். இந்த இரண்டையும் இரண்டரை அடி சன்ஷேட் போட்டுச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது கிழக்கும் மேற்கும்தான், தாழ்வாக வரும் வெயிலுக்கு எந்த சன்ஷேடும் பத்தாது. கூடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும், குட்டையான இரண்டு சுவர்கள் மட்டும் அந்தத் திசைகளைப் பார்க்கட்டும். மேற்குச் சுவரை ஒட்டி ஸ்டோர், மாடிப்படி, கழிவறை இவற்றை வைத்துவிட்டால் மதிய வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். அகலம் 30 அடியைத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் போனால் நடுவில் உட்காருபவருக்குக் காற்றும் வராது, பகலிலேயே விளக்கும் போட வேண்டிவரும்.

இப்போது காற்று. இதில் மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போடுங்கள். வீடு, மருத்துவமனை அல்லாத கட்டடங்களில் ஒரு ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. 60 அடிக்கு 30 அடி கூடம், 150 பேர் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 1500 லிட்டர், அதாவது ஒன்றரை கன மீட்டர். ஜன்னலில் காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மோதுகிறது, அதிலும் பாதி பலன்தான் கிடைக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் காற்று நுழையும் பக்கம் 6 சதுர மீட்டர், ஏறக்குறைய 65 சதுர அடி திறப்பு வேண்டும். எதிர்ச் சுவரிலும் அதே அளவு வேண்டும், நுழைகிற காற்றுக்கு வெளியேற வழி இல்லையென்றால் அது நுழையவே நுழையாது. நாலுக்கு நாலு ஜன்னல், கதவு முழுதாகத் திறக்கும் வகை என்றால் பக்கத்துக்கு நான்கு போதும், ஆறாக வைத்தால் நிம்மதி. அதே அளவில் ஸ்லைடிங் ஜன்னல் போட்டால் பாதிதான் திறக்கும், எட்டு வேண்டும். எஸ்டிமேட்டில் ஸ்லைடிங் என்று எழுதியிருந்தால் அந்த வரியை அங்கேயே அடித்துவிடுங்கள்.

மே மாதத்தில் இலைகூட அசையாத நாட்கள் வரும். அந்த நாட்களுக்கு உயரம்தான் உதவும். சூடான காற்று மேலே போகும், அங்கே அதற்கு வழி விட்டால் கீழ் ஜன்னல் வழியாகப் புதுக்காற்று தானாக உள்ளே வரும். அதனால் கூரை முகட்டில் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதற்கு மேல் மழை படாமல் ஒரு சின்னக் கூரை, பறவை வராமல் வலை, இவ்வளவு செய்யுங்கள். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: சீலிங் ஃபேன் உள்ளே இருக்கும் காற்றைக் கலக்கும், புதுக்காற்றைக் கொண்டுவராது. நாம் சாதாரணமாக மாட்டும் ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான், உள்காற்றையே குளிராக்கித் திருப்பி விடும், அதில் ஒருவர் இருமியதும் சேர்ந்தே சுற்றும்.

கூரைக்கு நான் சொல்வது இரும்பு டிரஸ் (முக்கோணமாக இணைத்த கம்பிச் சட்டம்), மேலே ஓடு, ஓட்டுக்கு அடியில் இன்னொரு வரிசைத் தட்டோடு. 30 அடி அகலத்துக்குக் காங்கிரீட் தளம் போட்டால் பீமே இரண்டரை அடி ஆழத்துக்கு வரும், அதைத் தாங்கத் தூண், தூணைத் தாங்க அடித்தளம் என்று சிமென்டும் கம்பியும் கூடிக்கொண்டே போகும். பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் மங்களூர் ஓடு நல்ல நிலையில் கிடைக்கும், தட்டிப் பார்த்து மணிச்சத்தம் வருவதை எடுங்கள். அலுவலக அறை, நூலக அறை மாதிரி சின்ன இடங்களுக்குத் தளம்தான் வேண்டும் என்றால் ஃபில்லர் ஸ்லாப் போடலாம். தளத்தின் அடிப்பகுதியில் காங்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை, அங்கே கம்பிகளுக்கு நடுவில் பழைய ஓட்டை வைத்துவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு காங்கிரீட் மிச்சமாகும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவில் இதை நிறையக் கட்டிக் காட்டியிருக்கிறார். ஆனால் இன்ஜினியர் டிசைன் இல்லாமல் மேஸ்திரி கண்ணளவில் செய்யக் கூடாது. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், வருஷா வருஷம், பங்குனி பிறப்பதற்குள்.

சுவருக்கு மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃபிளை ஆஷ் செங்கல் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது, சூளை வைக்க வேண்டியதில்லை. எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் கால்வாசிச் செங்கல் மிச்சம், அந்த வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். பழகாத கொத்தனாருக்கு முதல் நாலு நாள் கை ஓடாது, அந்த நாட்களுக்குச் சேர்த்தே கூலி பேசுங்கள். சிமென்டில் பிபிசி (PPC) என்கிற சாம்பல் கலந்த வகையை வாங்குங்கள், அதில் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கும், கார்பனும் அந்த அளவுக்குக் குறையும். இது மெதுவாக இறுகும், அதனால் குறைந்தது 10 நாள், கோடையில் 14 நாள் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். ஏழு நாள் போதும் சார் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

தண்ணீருக்கும் கரண்டுக்கும் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 1800 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மழை விழும், தொட்டி கட்டிப் பிடியுங்கள். குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி (BLDC) ஃபேன் பன்னிரண்டு ஓடினாலும் 400 வாட் தாண்டாது, 3 கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரி 12 யூனிட் கொடுக்கும். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஒரு பேட்டரி தனியாக இருக்கட்டும்.

ஏற்காட்டில் கட்டுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1500 மீட்டர் உயரம், பனிமூட்டம், ஈரச் சுவர். அங்கே மேற்கு வெயில் விரோதி இல்லை, மாலைக் குளிருக்கு அது வேண்டும். தெற்கிலும் மேற்கிலும் கண்ணாடி போட்ட தாழ்வாரம் வைத்தால் பகல் சூட்டை அது பிடித்து வைக்கும், கருங்கல் சுவர் இரவில் திருப்பிக் கொடுக்கும். காற்றுக்குப் பெரிய ஜன்னலோடு கூரைக்குக் கீழே சின்னத் திறப்புகளும் வையுங்கள், குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடினாலும் அவை திறந்தே இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஒவ்வொரு லாரியும் டீசல் செலவு, அதனால் இடித்த கட்டடங்களின் கல்லைத் தேடுங்கள், காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் பலகையைப் பூச்சிமருந்து ஏற்றி உட்கூரைக்கும் பெஞ்சுக்கும் பயன்படுத்துங்கள். சரிவை வெட்டிச் சமன் செய்யாமல் படிப்படியாகக் கட்டுங்கள், மலைப்பகுதிக்கான தனி அனுமதியை மண்ணைத் தொடும் முன்பே வாங்குங்கள்.

கடைசியாக, சாவி. வருஷத்தில் நாற்பது நாள் கல்யாணத்துக்குத் திறந்து மிச்ச நாள் பூட்டிக் கிடக்கும் கட்டடம் எவ்வளவு நல்ல செங்கல்லில் கட்டினாலும் வீண்தான். அதனால் எட்டடி அகலத் திண்ணை, கை கழுவும் குழாய், கழிவறை, சாய்தளம் இவை நான்கையும் பூட்டுக்கு வெளியே வையுங்கள். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலி ஏறாது. அம்மாபேட்டை, குகை மாதிரி நெசவாளர் பகுதிகளில் தறிச் சத்தத்துக்கு நடுவில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் சாயங்காலம் அந்தத் திண்ணையில் உட்காரட்டும், விளக்கு சோலாரில் எரியும். உள்ளே சுவரில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் மாட்டுங்கள், நாம் விடும் மூச்சு வெளியேறாமல் தேங்கினால் அது ஏறிக் காட்டும். வெளிக்காற்றில் ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். கூட்டம் நடக்கும்போது 800க்குள் இருந்தால் நல்லது, 1000 தாண்டினால் யாராவது எழுந்து மூடியிருக்கும் ஜன்னலைத் திறக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள வாட்ச்மேனுக்குச் சொல்லிக் கொடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.