ஏர் இன்டேக் மாற்றிய பின் இசியு ட்யூனிங்

முதலில் இசியுவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இருக்கும் ஒரிஜினல் ஃபைலைப் படித்துப் பத்திரமாகச் சேமியுங்கள். அடுத்து ஸ்மோக் டெஸ்ட், அதாவது குழாய்க்குள் புகை செலுத்திக் கசிவைக் கண்டுபிடிப்பது. உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாருக்குப் பின்னால் காற்று கசிந்தால், எந்த ட்யூனும் நிற்காது.

எம்ஏஎஃப் சென்சார் இருக்கும் குழாயின் உள்விட்டம்தான் கணக்கையே மாற்றுகிறது. 70 மிமீ குழாய் 80 மிமீ ஆனால் பரப்பு சுமார் 30% கூடும். அதே வோல்ட்டேஜுக்கு அவ்வளவு கூடுதல் காற்று உள்ளே போகும். இசியுவுக்கு அது தெரியாது. கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இருக்காது. அதைவிட ஆபத்து, லோடு குறைவென்று நம்பி இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) இசியு முன்தள்ளுவது. நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) அங்கேதான் தொடங்கும். அதனால் எம்ஏஎஃப் டேபிளை (எந்த வோல்ட்டேஜுக்கு எவ்வளவு காற்று என்று இசியுவில் இருக்கும் பட்டியல்) சரிசெய்யும்வரை முழு த்ராட்டில் வேண்டவே வேண்டாம்.

எம்ஏஎஃப் டேபிளைப் பரப்பு விகிதத்தால் பெருக்கி ஏற்றுங்கள். ஏற்றும்போது பேட்டரியில் சார்ஜர் இருக்கட்டும். பாதியில் மின்சாரம் விழுந்தால் இசியு செயலிழக்கலாம். பழைய ஃப்யூவல் டிரிம்களை (எரிபொருள் அளவில் இசியு தானே செய்துகொள்ளும் திருத்தங்கள்) அழித்துவிட்டு, என்ஜின் நன்றாகச் சூடானதும் சீரான வேகத்தில் ஓட்டி லாக் எடுங்கள். ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் டிரிம் இரண்டையும் கூட்டுங்கள். 2.1 வோல்ட்டில் +8% வந்தால் அந்தக் கட்டத்தை 1.08 ஆல் பெருக்குங்கள். பக்கத்துக் கட்டங்களையும் இழைத்துவிடுங்கள், வளைவு மேடுபள்ளமாக இருந்தால் வண்டி குலுங்கும். கூட்டிய டிரிம் ±5%க்குள் வந்தால் போதும்.

முழு த்ராட்டிலுக்கு வைட்பேண்ட் சென்சார் (வெளிவரும் புகையிலிருந்து கலவையை அளப்பது) கட்டாயம். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினுக்கு லாம்டா (கலவையின் அளவு; 1க்குக் கீழே போனால் எரிபொருள் அதிகம்) 0.86 முதல் 0.88 வரை நல்ல தொடக்கம். நாக் தெரிந்தால் டைமிங்கை உடனே 2 டிகிரி குறையுங்கள்.