ஈ! ஏன்டி ஜீப்பில் ஈ?

கிட்டார் கைக்கு வந்த இரண்டாம் நாளே ஒரு கம்பியை அறுத்தேன். நாலாவது கம்பி ‘டி’ என்று படித்திருந்தேன். மேலிருந்து நாலாவதைப் பிடித்து, ட்யூனரில் (கம்பியின் ஸ்வரத்தைக் காட்டும் கருவி) டி தெரியும்வரை முறுக்கிக்கொண்டே போனேன். ஜி காட்டியது, ஏ காட்டியது, பி காட்டியது. அப்புறம் பட்டென்று கம்பி வந்து விரலில் அடித்தது. நான் முறுக்கியது டி கம்பியையே அல்ல, ஜி கம்பியை.

அதனால் பெயருக்கு முன்னால் எண். மடியில் கிட்டாரை வைத்தால் தரைப் பக்கம் இருக்கும் மெல்லிசான கம்பிதான் 1. முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தடித்த கம்பி 6. மேல், கீழ் என்று மட்டும் சொல்லிப் பழகாதீர்கள். இடத்தால் மேலே இருக்கும் கம்பி ஒலியில் கீழே இருக்கிறது, குழப்பம்தான் மிஞ்சும். தடிசு, மெல்லிசு என்று சொன்னால் வம்பே இல்லை.

சரி, பெயர்கள். தடித்ததிலிருந்து மெல்லிசு வரை: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதற்கு இங்கிலீஷில் சொல்லித்தரும் வாக்கியங்கள் எதுவும் எனக்கு ஒட்டவில்லை. நானே ஒன்று கட்டிக்கொண்டேன்: “ஈ! ஏன்டி ஜீப்பில் ஈ?” ‘ன்’னையும் ‘ல்’லையும் விழுங்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ஈ, ஏ, டி, ஜீ, பி, ஈ. ஆறும் வந்துவிடும்.

இரண்டு ஈ-யும் ஒரே ஸ்வரம்தான், நடுவில் இரண்டு ஸ்தாயி இடைவெளி. தடித்தது சுமார் 82 ஹெர்ட்ஸ், மெல்லிசு சுமார் 330. சில ட்யூனர்களில் ஈ2, ஈ4 என்று தெரியும். அந்த 2-ம் 4-ம் ஸ்தாயி எண், கம்பி எண் அல்ல.

வரிசையாக ஒப்பித்தால் மட்டும் போதாது. கண்ணை மூடி ஏதாவது ஒரு கம்பியை மீட்டி, வாய்விட்டுப் பெயரைச் சொல்லுங்கள். எனக்கு டி-யும் ஜி-யும்தான் ரொம்ப நாள் மாறிமாறி வந்தன.

சரிபார்க்க ஒரு வழி: ட்யூன் செய்த கிட்டாரில் 6-வது கம்பியை 5-வது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்) அழுத்தி மீட்டினால் ஏ கேட்கும், அதாவது அடுத்த கம்பியின் பெயர். ஏ-யில் அழுத்தினால் டி, டி-யில் ஜி, பி-யில் ஈ. ஜி-யிலிருந்து பி-க்கு மட்டும் 4-வது ஃப்ரெட். அந்த ஒரு விதிவிலக்கும் சரியாக ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.