மாடி எடுக்கும்போது கீழே குடியிருக்கப் போகிறீர்களா?

அஸ்திவாரம் தாங்கும் என்று இன்ஜினீயர் பார்த்துச் சொல்லிவிட்டாரா? சரி, தை பிறந்ததும் வேலையைத் தொடங்குங்கள். ஐப்பசி மழைக்குள் மேல்தளமும் பூச்சும் முடிந்துவிட வேண்டும். பழைய மொட்டைமாடியின் தட்டோடுகளைப் பெயர்த்த பிறகு மழை பிடித்தால் படுக்கையறையில் வாளி வைக்க வேண்டியதுதான்.

கொத்தனார் வருவதற்கு முன்பே மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை வேறு இடத்துக்கு மாற்றி, குழாய் இணைப்பும் கொடுத்துவிடுங்கள். அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று: மழைநீர் இறங்கும் குழாய் வாய்களில் சாக்கைத் திணித்து அடையுங்கள். கலவைச் சட்டி கழுவும் தண்ணீர் உள்ளே போய் இறுகினால், குழாயை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மழை வந்தால் மட்டும் சாக்கை எடுத்துவிடுங்கள்.

தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றால் 14 நாளாவது நிற்கட்டும். மேஸ்திரி ஒரு வாரம் போதும் என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். வெயிலில் வற்றும் போர்வெல் என்றால் லாரித் தண்ணீருக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.