கீழாநெல்லி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலிகை பயில வரும் இளையவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைத் திரும்பச் செய்வதைப் பார்த்தே இதை எழுதுகிறேன். மண்போகக் கழுவாமல் அரைப்பது போன்றவை ஒருமுறை சொன்னால் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

செடியை மேலோட்டமாகப் பார்த்துப் பறிப்பது

கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் கடுகளவுக் காய்கள் வழவழப்பாகவும் சிறு காம்புடனும் இருந்தால் அது கீழாநெல்லி. காய்கள் காம்பின்றி ஒட்டியும் சொரசொரப்பாகவும் இருந்து, தண்டும் சிவந்திருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி என்னும் வேறு செடி.

மஞ்சள் நிறத்தையே நோயாக எண்ணுவது

எனக்கு இன்றும் கோபம் வரவழைக்கும் தவறு இது. காமாலை என்பது நோயின் அடையாளமே. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ என்னும் கல்லீரல் அழற்சியின் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஓய்விலேயே தணிந்துவிடும். அந்த வாரங்களில் கீழாநெல்லி கொடுத்தவர், தம் மருந்தே குணப்படுத்தியது என்று நம்பி, அடுத்து வருபவருக்கும் அதையே கொடுக்கிறார்.

அப்படி மருந்து உண்ட ஒரு பெரியவரை அவருடைய மகன் என்னிடம் அழைத்து வந்தார். அதிகாலையில் மோரில் கரைத்த விழுது, உப்பில்லாப் பத்தியம் எல்லாம் ஒரு மாதத்துக்கு மேலாக ஒழுங்காக நடந்திருந்தும், கண்ணின் மஞ்சள் அடர்ந்துகொண்டே போயிருந்தது. முதுகெங்கும் சொறிந்த தழும்புகள். மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன்; சுண்ணாம்புபோல வெளுத்திருப்பதாகச் சொன்னார். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே அவரிடம் கேட்டிருக்கவில்லை. ஸ்கேனில் பித்தக்குழாயைக் கல் அடைத்திருப்பது தெரிந்தது. அந்த அடைப்பை எந்த விழுதும் நீக்காது.

சென்னை ஆய்வாளர்களும், நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் இணைந்து 1988இல் வெளியிட்ட ஆய்வைச் சிலர் கீழாநெல்லிக்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 59 விழுக்காட்டினரின் இரத்தத்தில் அக்கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது என்றது அந்த ஆய்வு. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த முடிவு கிடைக்கவில்லை. அந்த 1988 ஆய்விலும் பித்தக்குழாய் அடைப்பைப் பற்றிய பேச்சே இல்லை. ஆகவே முதலில் பிலிருபின் (மஞ்சள் நிறம் தரும் பித்தப்பொருள்), கல்லீரல் நொதிகளுக்கான இரத்தப் பரிசோதனை. மலம் வெளுத்து அரிப்பும் இருந்தால், அன்றே மருத்துவமனை.

பச்சிளங்குழந்தையின் மஞ்சளுக்குக் கொடுப்பது

கூடவே கூடாது.

சர்க்கரை மாத்திரையோடு சேர்ப்பது

மருத்துவரிடம் சொல்லாமல் வேண்டாம்; சர்க்கரை அளவு தாழ்ந்துவிடக்கூடும்.

வயல் வரப்பில் பறிப்பது

களைக்கொல்லி தெளித்தார்களா என்று நிலத்துக்காரரிடம் கேட்ட பிறகே கை வையுங்கள்.