ராக் ஆல்பம்: ஒத்திகை அறையிலிருந்து வெளியீடு வரை

பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பத்திலுள்ள 14 பாடல்களில் 10 பாடல்கள் 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில், லண்டனில் இரண்டே தடங்கள் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலி வரிசைகள்) கொண்ட நாடாக் கருவியில் பதிவாயின. இன்று ஒரு மடிக்கணினியிலேயே நூறு தடங்களைக் கையாள முடிகிறது; ஆனாலும் பல குழுக்கள் ஓராண்டு கடந்தும் ஆல்பத்தை முடிக்க இயலாமல் தவிக்கின்றன. பீட்டில்ஸ் நால்வரும் தங்கள் பாடல்களில் பெரும்பாலானவற்றை மேடையில் வாசித்துப் பழகி, எங்கே அடக்கி வாசிப்பது, எங்கே உச்சத்துக்குப் போவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். எனவே ஆல்பம் செய்ய விரும்பும் குழு தன் உழைப்பின் பெரும்பகுதியை ஸ்டுடியோ வாடகை ஓடத் தொடங்குவதற்கு முன்பே செலவிட வேண்டும்.

பத்துப் பாடல்கள் தேவையென்றால் பதினைந்து பாடல்களுடன் ஒத்திகையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு ஒத்திகையையும் கைப்பேசியிலாவது பதிவு செய்து, மறுநாள் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். வாசிக்கும்போது விறுவிறுப்பாகத் தோன்றிய ஓர் இடைப்பகுதி கேட்கும்போது நீண்டு சலிப்பூட்டுவது அப்போதுதான் தெரியவரும். வேகத்தை நிமிடத்துக்கு மூன்று நான்கு துடிப்புகள் கூட்டியும் குறைத்தும் வாசித்துப் பார்த்து, சொற்கள் மூச்சுக்குள் அடங்கும் வேகத்தைக் குறித்துவையுங்கள். பாடகரின் உச்ச ஸ்வரம் முதல் முறை எட்டினால் போதாது, ஐந்தாவது முறையும் எட்ட வேண்டும். இல்லையென்றால் சுருதியைக் குறைத்துவிடுவதே நல்லது. பாடலை இயற்றியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். நட்பு நன்றாக இருக்கும் காலத்தில் இதைப் பேசுவதுதான் எளிது.

ஸ்டுடியோவில் டிரம்ஸ்தான் முதலில் பதிவாகும், அதிக நேரத்தைக் கேட்பதும் அதுவே. புதிய தோல்களை மாட்டி, ஒருநாள் வாசித்து இளக்கி, சுருதி சேர்த்த பிறகே மைக் வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒலி மோசமான டிரம்மை எந்த மென்பொருளாலும் முழுமையாகக் காப்பாற்ற முடியாது. மேலே தொங்கும் இரண்டு மைக்குகளையும் ஸ்னேர் டிரம்மின் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) நடுவிலிருந்து ஒரே தொலைவில், நூல் பிடித்து அளந்து, வையுங்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுத்துக்கொள்வதால், தொலைவு மாறும்போது ஒரே அடி இரு மைக்குகளையும் வெவ்வேறு நேரத்தில் சென்றடைகிறது. அவ்விரண்டு பதிவுகளும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, ஸ்னேர் மெலிந்து ஒலிக்கும். டிரம்மர் வாசிக்கும்போது மற்றவர்களும் வழிகாட்டியாகக் கூடவே வாசிக்க வேண்டும், ஏனெனில் காதில் ஒலிக்கும் வெறும் தாளக் கிளிக்குக்கு வாசித்த டிரம்ஸில் சேர்ந்து வாசிக்கும் குழுவின் துடிப்பு இருப்பதில்லை. 24 பிட் ஆழத்தில் (டிஜிட்டல் பதிவின் நுணுக்க அளவு) பதிவு செய்யும்போது ஒலி அளவை உச்ச வரம்பு வரை தள்ள வேண்டிய அவசியமே கிடையாது. உச்ச அடிகள் அந்த வரம்புக்கு 10 டெசிபல் கீழே (−10) நின்றால் போதும்.

கிட்டாருக்கு மேடையில் வைக்கும் டிஸ்டார்ஷனைவிட (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) குறைவாக வையுங்கள். இருபுறமும் அகலமான கிட்டார் ஒலி வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வைக்க வேண்டும். ஒரே பதிவை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் கூடாது, சத்தம் மட்டுமே கூடும். ஆம்ப்ளிஃபயரின் ஒலியோடு கிட்டாரின் நேரடி சிக்னலையும் தனித் தடத்தில் எடுத்துவைத்தால், ஒலி பிடிக்காதபோது மறுபடி வாசிக்காமலேயே வேறொரு ஆம்ப் வழியாக அதை அனுப்பிக்கொள்ளலாம். குரல் பதிவை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒலிக்கலவையைக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் ஒப்படைப்பதே என் பரிந்துரை, ஏனெனில் குழுவில் ஒவ்வொருவரும் தன் கருவியைத்தான் முதலில் கேட்பார்கள். நீங்களே செய்வதானால் குரல், ஸ்னேர், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), பேஸ் கிட்டார் ஆகிய நான்கையும் குறைந்த ஒலியளவில் சமன்செய்த பிறகே மற்றவற்றைச் சேருங்கள். கிக்கும் பேஸ் கிட்டாரும் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அதே இடத்துக்குப் போட்டியிடுவதால், ஒவ்வொரு பாடலிலும் எது அடியில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தாக வேண்டும்.

கலவை முடிந்த பாடல்களை வெளியீட்டுக்கு இறுதியாகச் செப்பனிடும் மாஸ்டரிங்கின்போது ஆல்பத்தை முடிந்தவரை உரக்க ஆக்கிவிடும் ஆசை எழும். ஸ்பாட்டிஃபை இயல்பான அமைப்பில் எல்லாப் பாடல்களையும் −14 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) என்ற அளவுக்குச் சமப்படுத்துவதால், நசுக்கி உரக்க ஆக்கிய பாடல் அங்கே கீழே இறக்கப்படும். இழந்த ஏற்ற இறக்கமோ திரும்பி வராது. வினைல் தட்டும் வெளியிடுவதாக இருந்தால் ஒரு பக்கத்தை 22 நிமிடங்களுக்குள் வையுங்கள், அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்க வேண்டியிருப்பதால் ஒலி குறையும். தட்டின் உட்பக்கம் போகப்போக உயர் அதிர்வெண்கள் மங்குவதால், அமைதியான பாடலைப் பக்கத்தின் கடைசியில் வைப்பது நல்லது.

பாடலுக்கான உரிமையும் அதன் ஒலிப்பதிவுக்கான உரிமையும் வெவ்வேறானவை. இரண்டையும் தனித்தனியே பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், 12 எழுத்து-எண்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி என்னும் சர்வதேசக் குறியீடு வேண்டும். ஒரு பாடலை முன்கூட்டியே தனியாக வெளியிட்டிருந்தால், அந்தக் குறியீட்டையே ஆல்பத்திலும் பயன்படுத்துங்கள். 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் வெள்ளிக்கிழமையே வெளியீட்டு நாளாக இருந்துவருகிறது. விநியோக நிறுவனத்துக்குக் கோப்புகளையும் 3000 பிக்சல் சதுர அட்டைப்படத்தையும் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் அனுப்பிவிட்டால், எழுத்துப்பிழை திருத்தவும், பாடல்பட்டியல் தொகுப்பாளர்களிடம் பாடலை முன்வைக்கவும் அவகாசம் கிடைக்கும். வினைல் அச்சுக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், சோதனைத் தட்டைக் கேட்டு ஒப்புதல் தரும்வரை வெளியீட்டுத் தேதியை அறிவிக்க வேண்டாம்.

வெளியீடு முடிந்த வாரத்திலேயே ஒவ்வொரு தடத்தையும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்து முழு நீளத்துக்கு வேவ் (WAV) ஒலிக் கோப்பாக எடுத்து, இரண்டு வட்டுகளில் வெவ்வேறு வீடுகளில் வைத்துவிடுங்கள். பத்தாண்டு கழித்து மறுகலவை செய்ய நினைக்கும்போது இன்றைய மென்பொருள் திறக்காமல் போகலாம், வேவ் கோப்பு திறக்கும்.