பிள்ளை ஒருவருக்குப் பங்கு வைக்காமல் உயில் எழுதும்போது

உயில் எழுதாமல் இறந்தால், இலங்கையின் பொதுச் சட்டத்தின்கீழ் வருபவர்களின் (தேசவழமை போன்ற தனிச் சட்டங்களுக்கு உட்படாதவர்களின்) சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ போகும். மிச்சப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். பெற்றோரை யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று சட்டம் கேட்காது. உயில் எழுதுபவருக்கோ 1844ஆம் ஆண்டின் உயில் சட்டம் முழு உரிமை தருகிறது. பிள்ளையையோ பெற்றோரையோ காரணம் சொல்லாமலே விட்டுவிடலாம்.

நீங்கள் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டத்துக்கு, உட்பட்டவரா என்பதை முதலில் தெளிவாக்குங்கள். சொந்த ஊர், கலியாணத் திகதி, சீதனமாக வந்த காணி எது, கலியாணத்துக்குப் பின் யாருடைய காசில் எது வாங்கியது, எல்லாவற்றையும் காணி உறுதிகளோடு நொத்தாரிசிடம் (உறுதியும் உயிலும் எழுதும் சட்டத்தரணியிடம்) கொடுங்கள். துணைக்குச் சொந்தமான பங்கை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. வெள்ளவத்தை ஃப்ளாட் முழுவதையும் தன்னுடையதென்று எழுதிவைக்கும் பிழை இங்கேதான் நடக்கிறது.

கையெழுத்தில் கவனம் வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகள், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். “அவர் பின்னேரம் வந்து வைப்பார்” என்றால் உயில் விழுந்துவிடும். சொத்துப் பெறுபவரும் அவருடைய கணவன் அல்லது மனைவியும் சாட்சி வைக்கக்கூடாது. வைத்தால் அவர்களுக்கு எழுதியது செல்லாது. செலவானாலும் நொத்தாரிசிடம் போவதே நல்லது.

அதைவிடப் பெரிய ஆபத்து, பங்கு பெறப்போகும் மகளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் இருந்து விபரம் சொல்லி எழுதுவிப்பது. மகள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் முதலில் கிளறப்படுவது இதுதான். நொத்தாரிசோடு அம்மா தனியே பேசட்டும். வயது போனவர் என்றால், அதே நாட்களில் மனத்தெளிவு பற்றி வைத்தியரின் சான்றிதழ் எடுத்து வையுங்கள். தமிழ் மட்டும் வாசிப்பவருக்கு உயில் தமிழிலேயே இருக்கட்டும். விளங்காத ஆங்கில உயிலில் கையெழுத்து வைத்ததாகச் சொல்லியே வழக்குப் போடலாம்.

விடப்படும் பிள்ளையின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். இப்படி: “எனது மூத்த மகன் (முழுப்பெயர்) அவர்களுக்கு இதில் எதையும் ஒதுக்கவில்லை. இதை மறதியால் அல்லாமல் என் சுயவிருப்பத்தோடு செய்கிறேன்.” அதற்கு மேல் வேண்டாம். “என்னைப் பார்க்கவேயில்லை” என்று எழுதினால், காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகளோடு அவர் வருவார்; தாயின் மனம் தெளிவாக இருந்ததா என்ற கேள்வியும் கூடவே வரும்.

நியாயம் என்பது சமபங்குதான் என்று நாங்கள் நினைக்கவில்லை. கனடாவில் வீடு வாங்கக் கொடுத்தது, மகளுக்குக் கொடுத்த சீதனம், பத்து வருடம் கூட இருந்து பராமரித்த பிள்ளையின் உழைப்பு, மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒருவரை முழுதாக விடுவதற்குப் பதில் பங்கைக் குறைத்தாலே போதும் என்று அப்போது பலருக்குத் தெரியவரும். விடப்பட்டவரின் மனக்காயம் பேரப்பிள்ளைகள் வரை போவதால் இதை அவசரத்தில் செய்யாதீர்கள்.

ஒரே வீட்டை நான்கு பேருக்குப் பிரிக்காத பங்காக எழுதுவது அநேகமாகப் பிரிவினை வழக்கில்தான் முடியும். வீட்டை விற்றுக் காசைப் பிரிக்கும் அதிகாரத்தை நிறைவேற்றுனருக்கு (உயிலை நிறைவேற்ற நீங்கள் நியமிப்பவருக்கு) கொடுங்கள். பெறுபவர் உங்களுக்கு முன்பே இறந்தால் யாருக்கு, பெயர் குறிக்காத மிச்ச ஆதனம் யாருக்கு என்ற இரண்டும் இல்லாத உயில் அரைகுறை. நீங்கள் விட்ட பிள்ளை அந்த மிச்சத்துக்கு வாரிசாக வந்துவிடுவார்.

உயிருடன் இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதுவதாக இருந்தால், சீவிய உரித்தை (உயிர் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றமுடியாத நன்கொடையை நன்றிகெட்ட நடத்தைக்காக ரத்துச் செய்ய, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் ஏற வேண்டும்.

உயில் எழுதியபின் மறுமணம் செய்தால் பழைய உயில் ரத்தாகும். ஊழியர் சேமலாப நிதியிலும் வங்கிக் கணக்குகளிலும் முன்பு கொடுத்த நியமனப் படிவங்களையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் விட்ட பிள்ளையின் பெயர் அங்கே இன்னும் இருந்தால், உயிலில் கையெழுத்திடும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.