கோடை உழவு: சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள்

சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்ததும் மழையை நம்பிய மானாவாரி நிலத்தை உழுதுவிடுங்கள். "சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கெட்டிப்பட்ட மேல்மண் உடைந்தால்தான் அடுத்து வரும் மழை உள்ளே இறங்கும். கோரைக்கிழங்கு மேலே வந்து வெயிலில் காயும். மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுக்களைக் கொக்கும் மைனாவும் பொறுக்கிக்கொள்ளும்.

முக்கியமானது உழும் திசை. சரிவுக்குக் குறுக்கே உழுதால் கலப்பை கிழிக்கும் ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன வரப்புபோல நின்று தண்ணீரை மறிக்கும். மேலிருந்து கீழாக உழுதால் அதே சால் வாய்க்காலாகி, வண்டலையும் எருவையும் அடித்துக்கொண்டு போய்விடும். டிராக்டர்காரர் திரும்புவதற்கு வசதியாக, சரிவைப் பார்க்காமல் நீளவாக்கில்தான் ஓட்டப் பார்ப்பார். கூடவே நின்று சொல்லுங்கள். சரிவு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், மழை பெய்யும்போது நிலத்துக்குப் போய்த் தண்ணீர் ஓடும் தடத்தைப் பாருங்கள்.

ஈரப்பதம் பார்க்க, ஒரு பிடி மண்ணை உருட்டிக் கீழே போடுங்கள். உதிர்ந்தால் உழலாம். உருண்டையாகவே கிடந்தால் இரண்டு நாள் பொறுங்கள். சேறாக உழுத கரிசல் மண் பாறைபோலக் கட்டி கட்டியாகிவிடும், அதை உடைப்பது பெரும்பாடு.

வரப்பில் வெட்டிவேர் நடலாம். மிகுதித் தண்ணீர் வெளியேறும் தாழ்ந்த மூலையில் கல் அடுக்கி வையுங்கள், வரப்பு உடையாது.